இழுப்பறையில் கிடந்த அளவுக் கட்டை: மண்டபம் பக்கத்து நண்டு கம்பெனி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொள்முதல் பார்க்கும் அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்தார். மேலே பில் புத்தகம், அதன் கீழே ரப்பர் பேண்டு கட்டு, ஒரு டார்ச் லைட், தலைவலித் தைலம். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கட்டை இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல்.

பத்து சென்டிமீட்டருக்குப் பள்ளம் வெட்டிய மரத்துண்டு அது. நண்டின் முதுகு ஓட்டில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை முனைக்கு முனை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அடங்கிவிட்டால் நண்டு சின்னது, வாங்கக் கூடாது. இந்தக் கட்டையைச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு கொள்முதல் கொட்டகைக்கும் ஒன்று கொடுக்க வைத்தவன் நான். கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அண்ணனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. "பத்திரமா வச்சிருக்கேன் சார்" என்றார்.

நிறுவனங்களில் பயிற்சி நடத்துவது என் தொழில். வேலையிடக் கற்றல், தலைமைப் பண்பு வளர்ப்பு, நிலைத்த வளர்ச்சி என்ற சொற்களைப் போட்டு ஸ்லைடு செய்து சம்பாதிப்பவன். அந்தச் சொற்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நண்டு கம்பெனிக்குள் போனபோது என்ன ஆயின என்பதை எழுதி வைக்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். மண்டபத்துக்கும் வேதாளைக்கும் இடைப்பட்ட பகுதியில் நண்டுச் சதை எடுத்து ஏற்றுமதி செய்யும் சிறு ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி, அவருடைய மருமகன், நாலைந்து கொள்முதல் கொட்டகைகள், சதை எடுக்கும் கூடத்தில் உள்ளூர்ப் பெண்கள். பங்குச் சந்தையில் இல்லாத, இந்தக் கரையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய கம்பெனிதான்.

இரண்டு கடலுக்கு நடுவே

பாம்பன் பக்கம் யாரைக் கேட்டாலும் கடல் இரண்டு என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், அது பெண்கடல். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடக்கிலிருந்து வரும் வாடையில் வடகடல். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொள்வார்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தென்கடலில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, கடல்புல். இரண்டு கடலிலும் ஆழம் குறைந்த இடங்களில் கடல்புல் மேய்ச்சல் நிலம் போலப் பரந்து கிடக்கிறது. நண்டுக் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அதற்குள்தான்.

கம்பெனி வாங்குவது நீலக்கால் நண்டு. அதை அவித்து, கையால் சதை எடுத்து, தரம் பிரித்து, டப்பாவில் அடைத்துச் சூடேற்றிக் குளிர்வித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். நண்டின் கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும். அந்தத் துடுப்பை அசைக்கும் தசை ஓட்டுக்குள் இரண்டு பக்கமும் உருண்டையாக இருக்கிறது. அது உடையாமல் முழுசாக வந்தால் "ஜம்போ", விலை உச்சம். உடைந்தால் ஒரு படி கீழே. மீதி உடம்புச் சதை "ஸ்பெஷல்", கொடுக்குச் சதை "கிளா". கூடத்தில் பெண்கள் இந்தச் சொற்களைத் தமிழ்ச் சொல் போலவே புழங்குகிறார்கள்: "இன்னைக்கு ஜம்போவே விழல அக்கா."

வெளிநாட்டில் வாங்குபவர்கள் சில வருடங்களாகக் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். நண்டு எங்கே பிடிபட்டது? சின்னதா? சினை நண்டா? கேட்க அவர்களுக்குக் காரணம் உண்டு. இந்தோனேசியா 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த நண்டையும் சினை நண்டையும் பிடிக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. இறால் கதை நமக்கே தெரியும். இழுவலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாததால், இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை இல்லை. நண்டுக்கும் ஒரு நாள் அப்படி ஆகிவிட்டால்? முதலாளிக்கு இருந்த பயம் அதுதான். என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான்.

ஹோட்டலில் ஒரு நாள்

ராமநாதபுரத்தில் ஏசி ஹால் எடுத்து ஒரு நாள் வகுப்பு நடத்தினேன். மேலாளர்கள், தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், கொட்டகைக்கு ஒருவர் என்று எல்லோரும் வந்தார்கள். காலையில் கடல் வளம், மதியம் தலைமைப் பண்பு. சினை நண்டு அடிவயிற்று மடிப்பில் லட்சக்கணக்கில் முட்டை சுமப்பதைப் படத்தோடு காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை இளம் முட்டைகள். நாளாக ஆகப் பழுப்பாகி, பொரிக்கப் போகும் நேரத்தில் கறுப்பு சாம்பலாக மாறும். ஒரு சினை நண்டை விட்டால் எத்தனை நண்டு என்று கணக்குப் போட வைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் உறுதிமொழி, குரூப் போட்டோ, அளவுக் கட்டை விநியோகம். பின்னூட்டப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று". பிரியாணியும் நன்றாக இருந்ததாக ஒருவர் தனியாக எழுதியிருந்தார்.

பயிற்சியை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நாலு படி சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றாரா, திரும்பிப் போய் வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. எங்கள் தொழிலில் இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அளப்பது பெரும்பாலும் முதல் படியை மட்டும், ஏனென்றால் அதற்குப் படிவம் போதும். மூன்றாவது படியை அளக்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். நான் போக ஐந்து மாதம் பிடித்தது. போனபோது கட்டை இழுப்பறையில் கிடந்தது.

சாயங்காலக் கேள்வி

அன்று கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விடியும் முன்பே படகுகள் வர ஆரம்பித்தன. வலையோடு கரைக்குக் கொண்டுவந்து, குடும்பமே உட்கார்ந்து நண்டைப் பிரித்தெடுக்கிறார்கள். நைலான் நரம்பு வலையில் நண்டு சிக்கினால் சும்மா வராது. கால் ஒவ்வொன்றையும் கண்ணியிலிருந்து விடுவிக்க வேண்டும், அவசரத்தில் சில கால்கள் ஒடியும். கூடை கூடையாகத் தராசுக்கு வந்தது. அண்ணன் எடை போட்டார், நோட்டில் எழுதினார், ஐஸ் போட்டார். ஒரு கூடையில் பாதி என் உள்ளங்கைக்குள் அடங்கும் நண்டு.

"இத ஏண்ணே வாங்குறீங்க?"

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். படகுக்காரர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு தொகை. முன்பணம். வலை வாங்க, இஞ்சின் சரிபார்க்க, மகள் கல்யாணத்துக்கு என்று கம்பெனி கொடுத்தது. அதை வாங்கியவர் பிடித்ததை எல்லாம் இங்கேதான் போட வேண்டும். "முன்பணம் குடுத்துட்டு, நண்டச் சின்னதுன்னு திருப்பி அனுப்புனா, அவரு நாலு எட்டு வச்சு அடுத்த கம்பெனி கொட்டகைக்குப் போயிருவாரு. அங்க உள்ள முதலாளி இந்த முன்பணத்த அடைச்சுட்டு ஆள இழுத்துக்குவாரு. அப்புறம் சின்ன நண்டும் போச்சு, பெரிய நண்டும் போச்சு."

சரி, இது சந்தையின் சிக்கல் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வேறொன்று நடந்தது. ஆறு மணிக்கு அவர் போன் அடித்தது. முதலாளி. பேச்சு அரை நிமிடம்கூட இல்லை. அண்ணன் ஒரு எண்ணைச் சொன்னார், "சரிங்கய்யா" என்றார், வைத்துவிட்டார்.

"என்ன கேட்டாரு?"

"என்னைக்கும் கேக்குறதுதான். எத்தனை கிலோன்னு."

என் ஒரு நாள் வகுப்பு இந்த அரை நிமிடத்திடம்தான் தோற்றது. தினமும் ஆறு மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஒரே கேள்வி, ஒரே பாடம், வருடத்துக்கு முந்நூறு நாள். கிலோ குறைந்தால் மறுமுனையில் ஒரு மௌனம். அந்த மௌனத்தை எந்த ஸ்லைடாலும் ஈடுகட்ட முடியாது. கொள்முதல் அண்ணனுக்கு நண்டைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. கூடையைத் தூக்கும் கனத்திலேயே உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார். அறிவுக் குறைவு அங்கே இல்லை. கற்க வேண்டிய ஆள் போனின் அந்தப் பக்கம் இருந்தார்.

இதை முதலாளியிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பயிற்சியாளர்களும் பில் போட்டுப் பிழைப்பவர்கள்தானே.

இரண்டு கூடை

1940-களில் பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த ரெக் ரெவான்ஸ், சுரங்க மேலாளர்களை வகுப்பில் உட்கார வைப்பதைவிட, சிறு குழுவாகக் கூட்டி அவரவர் சுரங்கத்துச் சிக்கலை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பிரித்துப் பார்க்க வைப்பது நல்லது என்று கண்டார். செயல்வழிக் கற்றல் என்று அது வளர்ந்தது. புத்தக அறிவு ஒரு பங்கு, கேள்வி கேட்கும் பழக்கம் இன்னொரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் கற்றல் என்பது அவர் கணக்கு. இதைப் பல தடவை பாடமாக நடத்தியிருக்கிறேன். செய்து பார்த்தது இங்கேதான் முதல் தடவை.

ஆறு பேர். கொள்முதல் அண்ணன், சதை எடுக்கும் கூடத்துக் கண்காணிப்பாளர், அவிக்கும் இடத்தில் பாய்லர் பார்ப்பவர், ஐஸ் வண்டி ஓட்டும் தம்பி, கணக்குப்பிள்ளை, உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்திருந்த பெண். வாரம் ஒரு மணி நேரம், வரத்து குறைந்த நாளில், ஆலைக்குள்ளேயே. ஒரே நிபந்தனை: யாரும் பாடம் நடத்தக் கூடாது, நான் உட்பட. அந்த வாரம் உங்கள் வேலையில் இடித்த ஒன்றைக் கொண்டுவாருங்கள், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் டீ. மூன்றாவது வாரம் கூடத்துக் கண்காணிப்பாளர் பேசினார். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே கூலி, எடுத்த சதையின் எடைக்கு. "சின்ன நண்டு வந்த அன்னைக்குப் பிள்ளைங்க மொகம் வாடிப் போயிருது. காலைலேர்ந்து குனிஞ்ச தல நிமிராம எடுத்தாலும் கூலி நிக்க மாட்டேங்குது. இதக் கம்பெனி நட்டம்னு யாரும் எழுதல. எங்க நட்டம்னு விட்டுட்டாக."

கணக்குப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கம்பெனிக்கும் நட்டமாத்தானே இருக்கணும்?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அளந்து பார்ப்பது என்று முடிவானது.

மறுநாள் ஒரே எடையில் இரண்டு கூடை பிரித்தார்கள். ஒன்றில் கட்டைக்கு மேற்பட்ட நண்டு, மற்றதில் கட்டைக்குள் அடங்கியது. இழுப்பறையிலிருந்து கட்டை முதன்முதலாக வெளியே வந்தது அன்றைக்குத்தான். கைவேகம் ஒத்த இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஓட்டைப் பிரித்து, செவுளைச் சுரண்டி, உடம்பை நடுவில் இரண்டாக ஒடித்து, கத்தி நுனியால் துடுப்புக் கால் மூட்டுப் பக்கம் ஒரு கீறல். பெரிய நண்டில் ஜம்போ உருண்டையாகத் தட்டில் விழுந்தது. சின்ன நண்டில் அதே தசை சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. கத்தி பட்டதுமே நார் நாராகப் பிரிந்தது. பெரிய நண்டுக் கூடை காலியானபோது சின்ன நண்டுக் கூடையில் பாதிகூட முடியவில்லை. முடிந்த பிறகு தட்டுகளை வைத்துப் பார்த்தால், சின்ன நண்டுப் பக்கம் ஒரு ஜம்போகூட இல்லை. எல்லாம் விலை குறைந்த ரகம். கணக்குப்பிள்ளை கால்குலேட்டரைத் தட்டினார். கூலி, ஐஸ், பாய்லர் விறகு எல்லாம் சேர்த்தால் சின்ன நண்டு தன் செலவையே தூக்கவில்லை.

இதே மேசையில் அக்கா இன்னொன்றையும் காட்டினார். அவிக்கும் முன்பு சினை நண்டின் வயிற்று மடிப்பைத் திறந்து முட்டைக் கொத்தைச் சுரண்டிக் கழிவு டிரம்மில் போடுகிறார்கள். "தராசுல இதுக்கும் சேத்துத்தான் சார் காசு குடுக்குறோம். குடுத்துட்டுக் குப்பையில போடுறோம்." ஏசி ஹாலில் நான் காட்டிய லட்சம் முட்டைப் படத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்கள், அந்த டிரம்மைப் பார்த்துப் பேச்சில்லாமல் நின்றார்கள்.

பிறகு டீ குடிக்கும்போது அக்கா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். அந்தப் பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான், கோடையில் சில வாரங்கள் அறவே இல்லை, பாறையைச் சுரண்டும் இரும்பு கூடாது. யாரும் வகுப்பு எடுத்துச் சொன்னதில்லை. அவர்களுக்காக நின்று பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. "அம்மா ஆளுக மிச்ச நாளு பாசி வளரட்டும்னு விட்டாக. நம்ம கம்பெனி ஒரு நாளாச்சும் விட்டுருக்கா சார்?"

நான் நடத்திய தலைமைப் பண்பு வகுப்புக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. மேலாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

முதலாளி விடிகாலையில் வந்தது

இரண்டு கூடைக் கணக்கை முதலாளியிடம் கொண்டுபோனது கணக்குப்பிள்ளை. அது புத்திசாலித்தனமான முடிவு. பெரியக்கா சொல்லியிருந்தால் கூலி கேட்கிறார் என்று ஆகியிருக்கும். நான் சொல்லியிருந்தால் வெளியாள் உபதேசம். கணக்குப்பிள்ளை வாயிலிருந்து வந்தால் அது பணம்.

முதலாளி நம்பவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. ஒரு வாரம் தானே கொட்டகையில் உட்கார்கிறேன் என்றார். இந்தத் தொழிலை ஆரம்பித்த காலத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர், பதினைந்து வருடமாக வந்ததில்லை. விடிகாலையில் வந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் கட்டையோடு உட்கார்ந்தார். முதல் நாள் படகுக்காரர்கள் கூடையை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார்கள். மூன்றாம் நாள் ஒரு வயசாளி அவரிடமே கேட்டார்: "முதலாளி, சின்னதுக்கும் பெருசுக்கும் ஒரே வெல குடுத்துட்டு, சின்னத ஏன் புடிக்கிறேன்னு என்னையக் கேக்குறீகளே?"

என்னைக் கேட்டால், இந்த முழு முயற்சியிலும் தலைமைப் பயிற்சி என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வாரம்தான். யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை. மேலே இருப்பவர் வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து, தன் சட்டம் அங்கே எப்படி முறிகிறது என்று தன் கண்ணால் பார்த்தார். அமெரிக்காவில் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்தின் ரே ஆண்டர்சன் 1994-க்குப் பிறகு கம்பெனியையே சுற்றுச்சூழல் வழிக்குத் திருப்பிய கதையை எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அங்கேயும் கழிவைக் குறைக்கும் வழியைத் தொழிலாளர் குழுக்களிடம் கேட்டார்கள் என்ற பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவோம்.

அந்த வாரத்துக்குப் பிறகு மூன்று மாற்றங்கள் வந்தன. பெரிய நண்டுக்கு விலை ஏறியது, சின்னதுக்கு இறங்கியது. புதிய முன்பணம் கேட்டால் பெரிய கண் வலைக்கு என்றால் உடனே, மற்றதுக்கு யோசித்து. மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: கொள்முதல் அண்ணன் ஒரு கூடையைத் திருப்பி அனுப்பினால் அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. திருப்பியதையும் நோட்டில் தனிப் பத்தியில் எழுதினால் போதும். சாயங்காலம் ஆறு மணிப் போனில் இரண்டாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது: "எத்தனை திருப்பின?"

முதல் சில நாள் அண்ணன் அந்தக் கேள்விக்குப் பயந்தார். அதிகமாகத் திருப்பினால் திட்டா, குறைவாகத் திருப்பினால் திட்டா என்று தெரியவில்லை. திட்டே இல்லை என்று புரிய இரண்டு வாரம் ஆனது.

தண்ணீர் விஷயம் தானாகவே வந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீடுகளிலிருந்து வரும் பெண்கள், கழுவும் மேடையில் குழாய் சும்மா ஓடுவதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் எந்தக் குழாயில் எப்போது ஓடுகிறது என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். மிதி பெடல் வைத்த குழாய் வந்தது. அவ்வளவுதான். யாரும் கேட்டதில்லை என்பதைத் தவிர அதில் வேறு சிக்கலே இல்லை.

சறுக்கிய இடங்கள்

எதிர்பார்த்தபடி இரண்டு படகு அடுத்த கம்பெனிக்குப் போனது. அதில் ஒன்று திரும்பி வந்தது, பெரிய நண்டு விலைக்காக. சின்ன நண்டை மட்டும் அங்கே போடுகிறார் என்று பிறகு தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கம்பெனி மட்டும் கற்றால் கடல் கற்றதாகாது. நண்டு கொட்டகை மாறிப் போகும், அவ்வளவுதான். கரையில் உள்ள எல்லா நண்டு கம்பெனிகளும் ஒரே அளவில் நிற்காதவரை இந்த ஓட்டை அடையாது. முதலாளி மற்றவர்களோடு பேச முயன்றார். ஒரு கூட்டம் நடந்தது, டீ நன்றாக இருந்தது.

வாடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்கள் கூடின. வரத்து சுருங்கியது. கன்டெய்னர் தேதி நெருங்கியது. ஒரு சாயங்காலம் போனில் பழைய கேள்வி மட்டும் வந்தது, குரலும் பழைய குரல். மறுநாள் கட்டை இழுப்பறைக்குள் போனது. யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று வாரம் அங்கேயே இருந்தது. எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பெண்தான் எடுத்து மேசையில் வைத்தாள், ஒன்றும் சொல்லாமல். மருமகன் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அன்று இரவே மாமனாரிடம் பேசியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

மற்றச் சறுக்கல்களைவிட எனக்கு உறைத்தது சினை நண்டு விஷயம். கொட்டகையில் அதை வேண்டாம் என்றால் அது கடலுக்குத் திரும்பிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஐஸ் வண்டித் தம்பி சிரித்தார். "கரைக்கு வந்த நண்டு எங்க சார் திரும்பிப் போகுது? அவங்க வீட்டுச் சட்டிக்குத்தான்." வலையில் சிக்கி, வெயிலில் கிடந்து, கால் ஒடிந்து வந்த நண்டைக் கொட்டகையில் மறுப்பது நம் நோட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உதவும். நண்டுக்கு உதவாது. கடலிலேயே, வலை இழுக்கும்போதே விட வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் படகுக்காரர் மட்டும். அவர் எங்கள் வருகைப் பதிவேட்டில் எந்த வரிசையிலும் இல்லை.

தாய்லாந்தில் மீனவக் கிராமங்கள் சினை நண்டை வாங்கி, முட்டை பொரிக்கும் வரை வைத்திருந்து குஞ்சைக் கடலில் விடும் நண்டு வங்கிகளை நடத்துகின்றன. அதைத் தம்பி யூடியூபில் பார்த்துவிட்டு, ஆலைக்குப் பின்னால் ஒரு டிரம்மில் கடல்தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாய் போட்டு நாலு சினை நண்டு விட்டார். இரவில் கரண்ட் போனது. காலையில் நாலும் செத்துக் கிடந்தன. ஆறு பேரும் டிரம்மைச் சுற்றி நின்றோம். பாய்லர்காரர்தான் கேட்டார், "டிரம்முக்குப் பதிலா கடலுக்குள்ளயே ஒரு கூடு கட்டி விட்டா கரண்டே வேணாமே?" அந்தக் கூடு இப்போது ஒரு படகுக்காரரின் வீட்டுக்கு எதிரே, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறது. அதில் எத்தனை பொரிக்கிறது என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் கூடு வைத்த பிறகு, கறுப்புச் சினை வந்தால் ஒன்றிரண்டு பேர் தனி வாளியில் தண்ணீரோடு கொண்டுவருகிறார்கள்.

அறிக்கையில் என்ன எழுதுவது

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 மே மாதம் கொண்டுவந்த நிலைத்தன்மை அறிக்கை, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். ஒன்பது கொள்கைகள். அதில் முதல் கொள்கையின் கீழ் முதல் கேள்வியே பயிற்சியைப் பற்றியது: இயக்குநர்கள், உயர் மேலாண்மைப் பொறுப்பாளர்கள், ஊழியர்கள், தொழிலாளர்கள் என்று பிரித்து எத்தனை நிகழ்ச்சி, என்ன தலைப்பு, எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள். அது கட்டாயப் பகுதி. நிறுவனத்துக்குப் பொருள் தருபவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்ற கேள்வியும் இருக்கிறது, விரும்பினால் நிரப்பலாம் என்ற பகுதியில்.

நண்டு கம்பெனிக்கு இந்த அறிக்கை பொருந்தாது. ஆனால் நான் பயிற்சி நடத்தும் பெரிய கம்பெனிகளுக்குப் பொருந்தும், அங்கே இந்தப் படிவத்தை நிரப்ப நானும் உதவியிருக்கிறேன். படிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ராமநாதபுரம் ஏசி ஹாலில் நடந்தது முழு மதிப்பெண் வாங்கும்: ஒரு நிகழ்ச்சி, இரண்டு தலைப்பு, அழைத்த எல்லோரும் வருகை. இரண்டு கூடை வைத்து அளந்த காலைக்கு அதில் கட்டம் இல்லை. ஆறு மணிப் போனில் கேள்வி மாறியதற்கும் இல்லை. படிவத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் ஒன்றுமில்லை. எண்ண முடிந்ததைத்தான் படிவம் கேட்கும். ஆனால் அதை நிரப்பியதும் வேலை முடிந்தது என்று மனிதவளத் துறை நினைத்துவிடுகிறது, அங்கேதான் இடிக்கிறது.

இப்போது யாராவது நிலைத்தன்மைப் பயிற்சி கேட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக உங்கள் கொள்முதல் ஆள் எதை வேண்டாம் என்று சொன்னார், அன்று அவரை நீங்கள் என்ன சொன்னீர்கள்? பாதிப் பேர் அதற்குப் பிறகு கூப்பிடுவதில்லை.

மாசி மாதம் கடைசியாக அந்தப் பக்கம் போனேன். வடகடல் குளம் மாதிரிக் கிடந்தது. கட்டையில் துளை போட்டு, நரம்புக் கயிற்றால் தராசுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பும் ஈரமும் பட்டுப் பள்ளத்தின் ஓரம் கறுத்திருந்தது. கொள்முதலுக்குப் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான், அண்ணன் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருந்தான். ஒரு கூடையிலிருந்து நாலைந்து நண்டை எடுத்துக் கட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கித் தனியே வைத்தான். படகுக்காரர் முறைத்தார்.

"அண்ணே, இவ்வளவு திருப்பி அனுப்புனா முதலாளி ஏசமாட்டாரா?"

அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார், "ஆறு மணிக்குப் போன் வரும். இன்னைக்கு நீயே எடு. என்ன கேக்குறாருன்னு பாரு."